குழாயடிக்குக் கேட்ட பாடம்

1986-ஆம் வருடம் சித்திரை முதல் தேதி, நாலு இட்லியை முடித்துவிட்டு ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது, நான் வாத்தியாராவது என்று முடிவு செய்தேன்.

மாணவர் ஒருவர்தான். என் மகள் செல்லக்கனி. வயது ஐந்து. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். அதற்குள் இரண்டெழுத்துச் சொற்கள் அத்தனையையும் வாசிக்கவும் எழுதவும் சொல்லிக் கொடுத்துவிடுவதாக அறிவித்தேன். ஆடு, மாடு, வீடு, பூனை. அதுவரைக்கும் என் பொறுப்பு. மூன்றெழுத்திலிருந்து பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும்.

கல்வித் தொண்டு என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. உண்மையான காரணம் தண்ணீர்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருக்குழாயில் அந்த வருடம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தண்ணீர் வரும். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பகலெல்லாம் பெட்டிகளுக்கு விலாசம் எழுதிக் களைத்து வருகிற நான், இரண்டு கையிலும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். எட்டு நடை. கை முழங்கால் வரைக்கும் நீண்டுவிட்டதாக எனக்கே தோன்றும். வாளி இரண்டும் ஓட்டை என்பதைச் சாக்காக வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு சாக்கிலும் ஓட்டை விழுந்துவிட்டது.

“வாளிய அடைக்கக் குடுத்தீகளா இல்லையா?” என்றாள் ஆவுடையம்மாள். என் மனைவி.

“ஏட்டி, பிள்ளைக்குப் படிப்பு முக்கியமா, தண்ணி முக்கியமா?”

“ரெண்டும் வேணும்.”

“ஆறு மணிக்கு நான் வாத்தியாரா, தண்ணிக்காரனா? ஒண்ணச் சொல்லு.”

அவள் மூலையில் இருந்த குடத்தை எடுத்தாள்.

“வாத்தியாராவே இருங்க. தண்ணிய நான் கொடத்துல எடுத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“சத்தமாச் சொல்லிக் குடுக்கணும். கொழாயடி வரைக்கும் கேக்கணும். ஒங்க தெறமையெல்லாம் வீட்டுக்குள்ளயே கெடந்து வீணாப் போவுது.”

ஏழு வருடக் குடித்தனத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புகழ்ச்சி காதில் விழுந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆவுடைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேவதானம் கிராமத்துக்காரி. அம்மா நடவுக்குப் போகும்போது கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அந்தக் கைக்குழந்தைதான் தம்பி ஐயாதுரை. அவன் படித்து, வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து பஞ்சாபில் இருந்தான். ஒவ்வொரு லீவுக்கு முன்பும் கடிதம் போடுவான்: ‘அக்கா, கேன்டீனில் உனக்கு என்ன வாங்கி வரட்டும்?’

அதை வாசித்துக் காட்டுகிறவன் நான். அவள் பேரில் பதில் எழுதுகிறவனும் நான். அதனால் நடுவில் ஒரு சின்னத் திருத்தம் நடக்கும். ‘அத்தானுக்கு என்ன வாங்கி வரட்டும்?’ என்று வாசிப்பேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையா?” என்பாள்.

“பட்டாளத்துல ஆயிரம் வேலை. மறந்திருப்பான்.”

அவளும் அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்படி முதல் லீவில் டிரான்சிஸ்டர் வந்தது. அடுத்த லீவில் கைக்கடிகாரம். மூன்றாவதில் ரம் இரண்டு பாட்டில். ‘அத்தான் மேல அக்காவுக்கு எம்புட்டுப் பிரியம்’ என்று ஐயாதுரை நினைத்தான். ‘தம்பிக்கு இவிய மேல எம்புட்டுப் பிரியம்’ என்று ஆவுடை நினைத்தாள். இரண்டு பிரியமும் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன.

ஆவுடைக்கு ஒரு மிக்சி வேண்டும். அம்மியில் அரைத்து அரைத்து வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எனக்கு டேப் ரிகார்டர் வேண்டும். ஐயாதுரையின் நாலாவது லீவு ஆடி மாதம்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

கம்பெனியில் கிழிந்துபோன அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து சதுரம் சதுரமாக வெட்டி, பெட்டிக்கு விலாசம் எழுதும் கறுப்பு மையால் அட்டைக்கு ஒரு சொல் எழுதினேன். சாயங்காலம் ஆறு மணி. ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு நேரே குழாயடி. ஆவுடை குடத்தோடு வரிசையில் நின்றாள். நான் முழங்கினேன்.

“இது என்ன? வா... ளி... சேத்துச் சொல்லு.”

செல்லக்கனி அட்டையை உற்றுப் பார்த்தாள். “குடம்.”

“ஏட்டி, இதுல குடம் எங்க இருக்கு?”

“அம்மா இடுப்புல.”

“வா... வுக்குத் துணைக்கால் இருக்கு பாரு. பொறவு ளி. மேல சுழிச்சிருக்கேன் பாரு. வாளி!”

“எங்க சுழிச்சிருக்கு?” இது செல்லக்கனி இல்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்த குரல். ஆவுடைதான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்திருந்தாள். “பிள்ளைக்குத் தெரியலல்லா? அட்டைய இந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க.”

திருப்பிப் பிடித்தேன். நாற்பது தடவை ‘வாளி, வாளி’ என்று கத்தினேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவரவர் வாளி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். செல்லக்கனி கடைசி வரைக்கும் குடத்தை விடவில்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. என் தொண்டை கட்டிப்போனது. கம்பெனியில் என்னை யாரும் போனில் பேச விடுவதில்லை. ஆனால் பலன் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் சமையல்கட்டில் மேல்தட்டைப் பார்த்தேன். டப்பாக்களில் கரியால் எழுதியிருந்தது: சீனி, மாவு, ரவை, புளி. ஒரு பிழை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வீட்டு ஞானபாக்கியம் டீச்சரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்.

“பாத்தீகளா டீச்சர்? எம்பிள்ள எழுதினது.”

டீச்சர் மேல்தட்டைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற செல்லக்கனியைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற ஆவுடையைப் பார்த்தார்.

“அம்புட்டு ஒசரத்துக்குப் பாப்பாவுக்குக் கை எட்டுதா?”

“படிப்பு வந்துட்டா எல்லாம் எட்டும் டீச்சர்.”

“அது வாஸ்தவம்,” என்றார் டீச்சர். ஏனோ சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாணவிக்குப் பரிசாகப் பால்கோவா வாங்கிக் கொடுக்க மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் நான் பிள்ளையைத் தூக்கி ஏற்றப் போனேன். ஆவுடை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இது தேனி பஸ்ஸுல்லா?”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தேனி என்றுதான் போட்டிருந்தது. பஸ்ஸின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். படிக்காதவர்களுக்கு அப்படி ஒரு கூர்மை உண்டு என்று வழியெல்லாம் அவளுக்கு விளக்கமும் சொன்னேன். ராஜபாளையம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

ஆனி மாதம், செல்லக்கனி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். நான் வேலை முடிந்து வந்ததும் ஆவுடை காப்பி கொண்டுவந்தாள். கூடவே ஒரு கவர்.

“தம்பி லெட்டர். படிங்க.”

கவரில் ஐயாதுரையின் கையெழுத்து. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டேப் ரிகார்டர் கண்ணுக்குள் சுற்ற ஆரம்பித்தது. கவரைக் கிழித்துத் தாளைப் பிரித்தேன்.

கோடு போட்ட தாள். பெரிய பெரிய எழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

ஆடு மாடு
பூனை கோழி
நரி

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

“என்ன முழிக்கீக? தம்பி நல்லா இருக்கானா?”

பஞ்சாப் வெயிலில் பையனுக்கு மூளை கலங்கிவிட்டதோ? ‘இதில் ஒன்றும் எழுதவில்லை’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் தாளை எடுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் ஓடுவாள். இந்தத் தாள் போனால் நாளைக்குப் பெட்டியில் இருக்கும் அவனுடைய பழைய கடிதங்களும் போகும். இந்த வீட்டுக் கடிதம் இன்னொருவர் கண்ணில் படவே கூடாது. தவிர, மூன்று லீவாகக் கடிதம் வாசிக்கிறேன். தாளில் இருப்பதை நான் எப்போது வாசித்தேன்? தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“‘அன்புள்ள அக்காவுக்கு. நலம். நலமறிய ஆவல்.’”

“பொறவு?”

“‘இங்கே வெயில் அதிகம்.’”

“பொறவு?”

“‘இந்தத் தடவை அத்தானுக்கு என்ன வேண்டும்? டேப் ரிகார்டர் நன்றாக இருக்கிறது.’”

“அவனே சொல்லுதானா?”

“அவனேதான் சொல்லுதான்.”

“எனக்கு?”

“உன்னைய நலம் விசாரிச்சிருக்கான்.”

“எந்த எடத்துல? காட்டுங்க.”

தைரியமாக ஒரு இடத்தில் விரலை வைத்தேன். “இந்தா, இங்க.”

ஆவுடை குனிந்து பார்த்தாள்.

“அது பூனைல்லா?”

காப்பி எனக்கு மூக்கில் ஏறியது.

“இது ஆடு. இது மாடு. இங்ஙன கோழி. இந்தா, கடைசியில ஒத்தையா நிக்கது நரி. இதுல எது ஒங்க டேப் ரிகார்டர்?”

“இத... இத யாரு எழுதினா?”

“நாந்தான். கொழாயடிப் பள்ளிக்கூடத்துல படிச்சவ.”

ஏழு வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தும் என் மனைவியின் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. இருந்தால்தானே பார்க்க! கம்பெனியில் யார் கையெழுத்து எது என்று தூரத்திலிருந்தே சொல்லக்கூடிய நான், சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

அவள் இடுப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். அதுதான் அந்தக் கவரில் வந்த உண்மையான கடிதம். வந்து மூன்று நாளாகியிருந்தது. உள்ளே தன் தாளை வைத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள்.

“போன லீவுக்கு வந்தப்பவே தம்பி கேட்டான். ‘என்னக்கா, எப்பவும் அத்தானுக்கே கேட்டு எழுதுதியே’ன்னு. எனக்கு நெஞ்சுல திக்குன்னுச்சு. சரி, எழுத்தப் படிக்காம இதுல எறங்கக் கூடாதுன்னு இருந்தேன். நீங்களே வாத்தியாரா வந்து வாய்ச்சீக.” தாளை என் கையில் வைத்தாள். “இப்பப் படிங்க. எழுத்தப் பாத்துப் படிங்க. ரெண்டெழுத்து வந்தா நானும் கூட வாரேன்.”

வாசித்தேன். முதல் தடவையாக, இருப்பதை இருக்கிறபடி.

‘அக்கா, நீ என்னைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இடுப்பில் தூக்கிவந்து விட்டுவிட்டு வெளியிலேயே நிற்பாய். அது எனக்கு மறக்கவில்லை. இந்தத் தடவையாவது உனக்கென்று ஒன்று கேள்.’

வெட்கமாக இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆவுடை சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேப்பரக் கொண்டா,” என்றேன். “மிக்சின்னு இப்பவே எழுதிப்புடுதேன்.”

“பதில் போட்டு முந்தாநாளே தபால்ல சேத்தாச்சு. விலாசம் மட்டும் டீச்சர் எழுதினாக. மிச்சமெல்லாம் நாந்தான்.”

“மிக்சின்னு எழுத உனக்கு வராதே?”

“படம் போட்டுட்டேன்.”

மனசு கேட்கவில்லை. “எனக்கு ஒண்ணும்...?”

“ஒங்கள விடுவனா? ஒங்களுக்கும் கேட்டிருக்கேன்.”

அவள் நல்லவள். அது எனக்குத் தெரியும். ஆடி வரைக்கும் ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்த்தேன். டேப் ரிகார்டர் நீளமான பெயர், அவளுக்கு வராது. பேனாவாக இருக்கலாம். குடையாக இருக்கலாம். அதையும் படம் போட்டிருந்தால்? ஆசைக்கு எழுத்துக் கணக்கு ஏது?

ஆடிப்பூரத்துக்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம் ஐயாதுரை வந்து இறங்கினான். வாசலிலேயே சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். “அக்கா எழுத்து! எங்க பட்டாளத்துல எல்லார்ட்டயும் காட்டிட்டேன்.” பெட்டியிலிருந்து மிக்சி வந்தது. ஆவுடை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அடுத்து, சணல் சாக்கில் சுற்றிய பெரிய மூட்டை ஒன்றை என் முன்னால் வைத்தான்.

“அத்தான், இது ஒங்களுக்கு. கேன்டீன்ல இல்ல, பஜார்ல அலைஞ்சு வாங்கினேன். நசுங்கிரக் கூடாதுன்னு மூணு நாளும் ரயில்ல மடியிலயே வச்சிருந்தேன்.”

சாக்கை அவிழ்த்தேன். வெயில் பட்டுப் பளபளவென்று இரண்டு வாளிகள்.

செல்லக்கனி மாமன் கையிலிருந்த கடிதத்தை வாங்கி விரல் வைத்துப் பார்த்தாள். நான் தொண்டை கிழியக் கத்தியும் வராதது அன்றைக்கு வந்தது.

“வா... ளி... வாளி! அப்பா, வாளின்னு ரெண்டு தடவை எழுதிருக்கு!”

“ரெண்டு கை இருக்குல்லா,” என்றாள் ஆவுடை. “மணி ஆறு ஆகுது. கெளம்புங்க, வாத்தியாரே.”