பட்டினியில் எடை கூடிய கிளி

“பங்குனி 9, திங்கள். காலை ஊட்டல்: இல்லை. மதியம்: இல்லை. மாலை: இல்லை. தட்டில் வைத்த கொய்யா: தொடப்படவில்லை. எடை: 104 கிராம் (நேற்று 102). காரணம்: ஆராயப்பட வேண்டும்.”

இது என் கையெழுத்துதான், மறுக்க வழியில்லை. ‘ஆராயப்பட வேண்டும்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு. தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒரு தொல்லை. மற்றவர்கள் தங்கள் முட்டாள்தனத்தைக் கொஞ்ச நாளில் மறந்துவிடலாம். நமக்கு அது கிழமையோடு பத்திரமாக இருக்கும்.

அந்தக் கிளி எங்கள் வீட்டுக்கு வந்தது மாசி 10, ஞாயிறு. அரியலூரில் என் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது பொந்தோடு கீழே வந்தது. கூட இருந்த இன்னொரு குஞ்சு பிழைக்கவில்லை. இது மட்டும் உடம்பெல்லாம் முள் முளைத்த மாதிரி இறகுக் குருத்தோடு, பசி பசி என்று கத்திக்கொண்டிருந்தது. மைத்துனர் வீட்டில் பூனைகள் மூன்று. எனவே முறுக்கு டப்பாவில் துண்டு விரித்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

“டப்பாவுல என்னா சார்?” என்றார் கண்டக்டர்.

“முறுக்கு.” (எதற்காகப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. டப்பாவில் அப்படித்தான் எழுதியிருந்தது.)

டப்பா கத்தியது.

“நல்ல மொறுமொறுப்பு போலருக்கு” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். நான் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன், சட்டம் என்றால் எனக்குப் பயம். மறுநாள் காலையிலேயே வனத்துறைக்குப் போன் செய்தேன். வனக்காவலர் ஒருவர் வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். தன் ஆபீசுக்குப் பேசினார். பிறகு என்னிடம் சொன்னார்:

“இதுக்கு மூணு மணிக்கு ஒருக்கா ஊட்டணும் சார். நீங்களே ஊட்டி ஆளாக்கிடுங்க, நான் எழுதி வச்சுக்கிறேன். தானாத் தின்ன ஆரம்பிச்சதும் ஒரு போன் போடுங்க. கிளிக்கூட்டம் இருக்குற எடமாப் பாத்து விட்டுடலாம்.”

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. மனுசன் கையில வாங்கித் தின்னே பழகிடுச்சுன்னா வெளிய விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான்.”

அந்த வார்த்தை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று மாலையே வீட்டாரைக் கூட்டிச் சட்டம் போட்டேன். கிளிக்குப் பெயர் வைக்கக் கூடாது. கொஞ்சக் கூடாது. ஊட்டுவது என் ஒருவன் பொறுப்பு. என் மனைவி தனம், கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மகள் கயல், எண்பது வயது அப்பா மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். (அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாகத் தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, இருபுறமும் மடித்துவிட்ட ஸ்பூனில் ஊட்டுவேன். கஞ்சி இறங்க இறங்கக் கழுத்துக்குக் கீழே இரைப்பை பட்டாணி போல, பிறகு நெல்லிக்காய் போல உப்பும். தினம் ஐந்து வேளை. ஆபீஸ் பக்கம்தான் என்பதால் இடையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவருவேன். “சார் கைக்குழந்தைக்காரரு” என்று எனக்குப் பெயர் வந்தது. தினமும் காலை வெறும் வயிற்றில் சமையலறைத் தராசில் எடை. எல்லாம் நோட்டில் ஏறியது. குஞ்சு பச்சையானது, வால் நீண்டது. கண்ணைச் சாய்த்து என்னைப் பார்க்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் தானாக மட்டும் தின்னவில்லை. கொய்யாத் துண்டு வைத்தால் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, ஸ்பூன் எங்கே என்று கத்தியது.

அப்பா ஒரு யோசனை சொன்னார். “புள்ளைக்குப் பால் மறக்கடிக்க என்னா பண்ணுவாங்க? வேப்பிலைய அரைச்சுத் தடவுவாங்க. நீ அந்த ஸ்பூன்ல தடவுடா.”

தடவினேன். கிளி அதை வழித்து நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது.

அதன் பிறகு படிக்க ஆரம்பித்தேன். பறவைகளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஊட்டலைக் குறைத்தால்தான் குஞ்சு தானாகத் தேடும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ‘படிப்படியாக’ என்றும் எழுதியிருக்க வேண்டும். நான் அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்திருக்கிறேன். பங்குனி 5, வியாழக்கிழமை காலை, ஐந்து வேளை ஊட்டலை ஒரேயடியாக நிறுத்தினேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அது கத்தக் கத்த ஆபீசுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை தராசில் வைத்தேன். ஒரு கிராம் கூடியிருந்தது. சனிக்கிழமை இன்னொன்று. தட்டில் இருந்த கொய்யாவில் ஒரு கீறல்கூட இல்லை.

தராசு பழுதோ என்று உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறதோ என்று உதிர்ந்த இறகு ஒன்றை ஈரத்துணியில் இரவெல்லாம் சுற்றிவைத்தேன். ஒன்றும் புலப்படாமல் வீட்டாரிடம் கருத்துக் கேட்டேன்.

“வெயிலுதாங்க காரணமா இருக்கும்” என்றாள் தனம், அரிசி களைந்துகொண்டே.

“ஆமாப்பா. பச்சையா இருக்குறதெல்லாம் வெயில்லயே சாப்பாடு பண்ணிக்குமே” என்றாள் தாவரவியல் படிக்கும் மகள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்: ‘பச்சையம்?’ கேள்விக்குறி போட்டேன் என்பது ஒன்றுதான் எனக்கிருக்கும் ஆறுதல்.

திங்கட்கிழமை மாலை மூன்று பக்கக் கட்டுரை தயாரானது. தலைப்பு: ‘உணவின்றி எடை கூடும் கிளிக்குஞ்சு: ஒரு நேர்முக ஆய்வு.’ அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஒரு டாக்டர் பார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, ஒரு கையில் டப்பா, மறு கையில் ஃபைலோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கூட வரவேண்டாம் என்று சொல்லியும் தனமும் கயலும் வந்தார்கள். என் புகழில் பங்கு கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆடுகளும் கோழிகளும் ஒரு கன்றுக்குட்டியும் எங்களுக்கு முன்னால் இருந்தன. டாக்டரம்மா ஃபைலை வாங்கிப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், இந்தக் கிளி அஞ்சு நாளா ஒண்ணுமே சாப்பிடலையா?”

“ஒரு பருக்கைகூட இல்லைங்க மேடம்.” கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னேன். “ஆனா எடை ஏறுது.”

செந்துறையிலிருந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த பெரியவர் எழுந்தே விட்டார். “சார், அது என்னா வித்தைன்னு எங்க ஆட்டுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. தழை ஒடிச்சே கையி போயிருச்சு.”

டாக்டரம்மா கிளியைக் கையில் எடுத்து, இரைப்பையைத் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பஞ்சால் அலகோரத்தைத் துடைத்தார். பஞ்சில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார்.

“கேசரி.”

கன்றுக்குட்டிகூடச் சும்மா இருந்தது.

“இரைப்பையில தயிர்சாதமும் இருக்கு. இன்னிக்குக் காலையில யாரு குடுத்தது?”

“ஒரே ஒரு வாய்தாங்க” என்றாள் தனம் சுவரைப் பார்த்து. “அது கத்துறப்ப சோறு எறங்கல எனக்கு.”

“நீயுமாம்மா?” என்றாள் கயல்.

“‘நீயும்’னா? அப்ப நீயுமாடி?”

“நான் சாயங்காலந்தான். கேசரி குடுத்தது நான் இல்ல, தாத்தாதான்.”

செந்துறைப் பெரியவர் ஆட்டோடு திரும்பி உட்கார்ந்தார். “வீட்டுல ஆளுங்க நெறைய இருக்கணும். அதான் வித்தை” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

டாக்டரம்மா சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

“சார், இந்த வயசுக் குஞ்சுக்கு ஊட்டலை ஒரேயடியா நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல போயிடும். இவங்க மட்டும் திருட்டுத்தனமா ஊட்டலைன்னா, நீங்க இன்னிக்கு வெறும் டப்பாவோடதான் வந்திருப்பீங்க.” பிறகு தனம், கயல் பக்கம் திரும்பினார். “ஆனா நீங்க இப்படியே ஊட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா இது கூண்டைவிட்டுப் போகவே போகாது. கேசரி, தயிர் எல்லாம் இன்னியோட நிறுத்துங்க. யாருக்கும் யோசனை இல்லையா உங்க வூட்டுல?”

வீட்டுக்கு வந்து முழு விசாரணை நடத்தினேன். அப்பா உடனே ஒப்புக்கொண்டார்: “பட்டினி போட்டு எந்தப் புள்ளைடா படிச்சிருக்கு?” மேல்வீட்டில் குடியிருக்கும் டீச்சர், பேச்சுச் சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கிவந்து, தானும் ஸ்கூலுக்குப் போகும்போது ஜன்னல் கம்பி வழியாக வாழைப்பழம் கொடுத்ததாகத் தாமாகவே சொன்னார். ஆக நான் ஐந்து வேளையை நிறுத்த, இவர்கள் ஏழு வேளை நடத்தியிருக்கிறார்கள். கிளிக்கு நான்கு பெயர்கள் இருந்ததும் அன்றுதான் தெரிந்தது. நான்குக்கும் அது திரும்பிப் பார்த்தது. நான் ‘ஏய்’ என்றேன். பார்க்கவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி இப்போது படிப்படியாகக் குறைத்தோம். ஐந்து நான்காகி, மூன்றாகி, ஒன்றானது. பால்பிடித்த மக்காச்சோளக் கதிரும் கொய்யாவும் எப்போதும் பக்கத்தில் இருந்தன. கிளி கொறித்தது, துப்பியது, மறுபடி கொறித்தது. ஆனால் எங்களில் யார் தலை தெரிந்தாலும் உடனே குழந்தையாகிக் கத்தியது. நான் போனில் கேட்டபோது டாக்டரம்மா, “ஒருநாள் பூரா நீங்க யாருமே வீட்டுல இருக்காதீங்க. அப்பத்தான் தெரியும்” என்றார்.

பங்குனி 29, ஞாயிறு. வரதராஜன்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. காலை எடையைக் குறித்தேன். டப்பா போய் இப்போது பெரிய கூண்டு. உள்ளே கதிர், கொய்யா, தண்ணீர். மாடிப்படிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டேன். நால்வரும் ஒன்றாகக் கிளம்பினோம். யார் எதை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாலும் வீட்டுக்குள் திரும்ப அனுமதிக்கவில்லை. (அப்பா இரண்டு முறை முயன்றார்.)

அன்று பந்தியில் தனம் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“சாப்புடலையா?” என்றேன்.

“அது சாப்புட்டுருக்குமா?”

“தெரியல.”

“சாப்புடலைன்னா கூண்டுதானங்க? வயசு பூராவும்?”

நான் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு மணி பார்த்தேன்.

மாலை ஆறு இருபதுக்குக் கதவைத் திறந்தோம். கூண்டின் மூலையில் கிளி ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தது. கொய்யாவில் பாதி இல்லை. கதிரில் இரண்டு வரிசை காலி. தராசில் வைத்தோம். காலையைவிட நான்கு கிராம் கூடுதல். தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, “படிச்சுட்டான்டா பய” என்றார். மறுநாள் காலை எங்கள் நால்வர் கண் முன்னாலேயே அது ஒரு சோளமணியைக் காலில் பிடித்து, உருட்டி, தோலைத் துப்பிவிட்டுத் தின்றது. கத்தவே இல்லை.

சித்திரை மாதம் வனக்காவலர் வந்தார். ஏரிக்கரையில் கிளிகள் அடையும் ஆலமரத்தடியில் கூண்டைத் திறந்தோம். கிளி சற்று நேரம் கூண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் மேலே போயிற்று. இலையும் கிளியும் ஒரே பச்சை. அதன் பிறகு எது நம்முடையது என்று சொல்ல முடியவில்லை. நான்கு பெயர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் திரும்பவில்லை. அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

இப்போது எனக்குச் சர்க்கரை இருக்கிறது, உணவுக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆனாலும் எடை குறைந்தபாடில்லை. உறவினர் யாராவது காரணம் கேட்டால் தனம் முந்திக்கொள்வாள்: “அவரு ஒண்ணுமே சாப்புடறதில்லீங்க. எல்லாம் வெயில்லயே ஏறிடுது.”

‘கிளி முதன்முதலாகத் தானே உண்ட நாள்’ என்ற இடத்தில் பங்குனி 29 என்று எழுதினேன். பிறகு அந்த மையை அடித்துவிட்டுப் பென்சிலில் எழுதினேன். ஏனென்றால், ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தைப் படித்தபோது கீழே அன்றிரவு நானே எழுதிய இன்னொரு வரி இருந்தது: ‘நகராட்சித் தண்ணீர் வந்திருக்கிறது. சமையலறைக் குடங்கள் நான்கும் நிறைந்துள்ளன.’ நாங்கள் நால்வரும் அன்று வரதராஜன்பேட்டையில் இருந்தோம். நாங்கள் இல்லாத நாட்களில் தண்ணீர் வந்தால் பிடித்துவைக்க, மேல்வீட்டு டீச்சரிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு.

நேரில் போய்க் கேட்டேன்.

“நான் கொடத்த மட்டுந்தான் சார் பாத்தேன்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.