உள்ளங்கால் உபதேசி

நம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே பேசும் மனித இனம் ஒன்று உண்டு. உள்ளங்கால் உபதேசி என்று பெயர் வைக்கலாம். தலைவலி என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், "முதல்ல செருப்பைக் கழட்டுங்க" என்பார். பல்வலி என்றாலும் கழற்றத்தான் சொல்வார்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்து மேலாளர் அந்த இனம். நாங்கள் வைத்த பெயர் பாதசாரி. மேசைக்கடியில் கூழாங்கல் தட்டு, நாற்காலிக்குப் பின்னால் முள்முள்ளாக ரப்பர் விரிப்பு, செருப்புக்குள் முண்டுமுண்டாக ஓர் அட்டை. இவ்வளவும் போதாமல், உணவு இடைவேளையில் பின்கட்டுச் சரளையில் வெறுங்காலோடு உலவிவிட்டு வந்து, பசியோடு டப்பாவைத் திறக்கும் எங்களை மறித்துக்கொண்டு நிற்பார்.

"தரை எப்படி இருக்குன்னு உள்ளங்கால்தான் சார் மூளைக்குச் சேதி அனுப்புது. சேதி போகலேன்னா நடை தடுமாறும். நீங்க தடித்தடியா ஷூ மாட்டி அதோட வாயை அடைச்சு வச்சிருக்கீங்க!"

அவர் சொல்வது சரி. அதுதான் தொல்லை. தப்பாகப் பேசுகிறவரை மடக்கிவிடலாம். சரியாகப் பேசுகிறவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியெல்லாம் கல் பதித்திருந்தார். அவர் மனைவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போய்வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துடைத்த தரையில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன.

"என்னங்க, அப்படியே நில்லுங்க! காலைத் தூக்குங்க!"

தூக்கினார். உள்ளங்காலில் ஒரு சின்ன ஆணி, தலைவரைக்கும் இறங்கியிருந்தது.

"ஐயையோ, எப்பங்க குத்துச்சு?"

"குத்தியிருக்கா?" என்றார் பாதசாரி.

மருத்துவர் ஆணியை எடுத்துக் கட்டுப் போட்டார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

முதல் மதிப்பெண் வாங்கப்போகும் மாணவனைப்போல மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றார்.

மருத்துவர் இழையைக் கீழே வைத்தார். மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "பல தடவை தொட்டுட்டாருங்க."

சர்க்கரை. சத்தம் போடாமல் வருடக்கணக்காக வேலை பார்த்து, கால் நரம்புகளை மரத்துப்போக வைத்திருந்தது. வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவர் கேட்டார்: "பழைய கல்லு மழுங்கிடுச்சுன்னு மாத்தினேனே... கல்லு மழுங்கலையா?" மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

புண் ஆற நாளாயிற்று, கால் தப்பியது. கற்கள் பூந்தொட்டிக்குப் போயின. அவர் மனைவி தினமும் டார்ச் அடித்து அவர் பாதங்களைப் பரிசோதிக்கிறார். மெத்தென்ற மூடிய காலணியில் அலுவலகம் வந்தவர் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது.

பிறகு திறந்தார். "கண்ணை மூடுங்க சார், உங்க கால் சுண்டுவிரலைத் தொடறேன்." எல்லோரும் சிதறி ஓடினோம். ஓட முடியாமல் அகப்பட்டவர் காசாளர். தொட்டது அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே மருத்துவரிடம் போய், நல்லவேளை, சர்க்கரையை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பாதசாரியைக் கேலி செய்ய எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

நீங்கள் அந்த இனம் இல்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படியானால் இதைப் படித்துக்கொண்டே நைசாகச் செருப்பிலிருந்து காலை உருவி, கட்டைவிரலால் தரையைத் தடவிப் பார்த்தது யார்? சில்லென்று இருந்ததா? சந்தோஷம். பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள். இந்த இனம் பெருகுவதே அப்படித்தான்.