என் வீட்டு இரண்டாவது ஓட்டு

ஜப்பானின் அக்கித்தா நகரில் முடிதிருத்தகம் நடத்தும் மதிப்பிற்குரிய மச்சான் கென்சாகு அவர்களுக்கு, கடல் தாண்டி கொரியாவிலிருந்து உங்கள் தங்கை இக்குயோவின் கணவன் நம்குங் ஹோ தலை தாழ்த்தி எழுதுவது. அங்கே பனி உருகியிருக்கும், உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே என் எள்ளெண்ணெய் மில் நன்றாக ஓடுகிறது. உங்கள் தங்கை நலம். மிகவும் நலம். அதுதான் பிரச்சினையே.

எங்கள் பகுதி கவுன்சிலர் பதவியை விட்டு விலகியதால் இந்த வசந்தத்தில் இடைத்தேர்தல் வந்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி மூன்று வருடம் ஆன வெளிநாட்டவருக்கும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டு என்பது, தபாலில் வந்த வாக்காளர் அறிவிப்பில் என் பெயரோடு அவள் பெயரையும் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். சரி, நல்ல விஷயம்தானே என்று நானும் சந்தோஷப்பட்டேன், என் பள்ளித் தோழன் மெங் கில்சுதான் ஒரு வேட்பாளர், அவன் தோளைத் தட்டி "எங்க வீட்டு ரெண்டு ஓட்டும் உனக்குத்தான்டா" என்று வாக்கும் கொடுத்தேன், அங்கேதான் மச்சான் சனி பிடித்தது. எதிர்த்து நின்றவன் பியோ ஜேஹூன், நாற்பதைத் தாண்டாதவன், பல் வரிசை பார்த்தால் பியானோ மாதிரி இருக்கும். இத்தனை வருஷமா நானும் ஓட்டுப் போடறேன், ஒரு வேட்பாளனும் என் மில்லுக்குள்ள எட்டிப் பார்த்தது கிடையாது. இந்தப் பயல் தினமும் காலையில வாசல்ல வந்து, என்னைத் தாண்டிப் போய், உங்க தங்கச்சி முன்னாடி இடுப்பு ஒடியற மாதிரி குனிஞ்சு, உங்க மொழியில ஏதோ சொல்லுவான். அவ வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பா. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தறேன், நான் பேசி அவ வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சதில்ல. என்னை வாயைப் பொத்தச் சொன்னதுதான் உண்டு.

ஒருநாள் அவள் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏம்மா, கில்சுவுக்குத்தானே?"

"அது ரகசியங்க."

"புருஷன்கிட்ட என்ன ரகசியம்?"

"நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு இத்தனை வருஷத்துல நான் கேட்டிருக்கேனா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"அதான் கேக்கல" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அது சமாதானமா, லஞ்சமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தேர்தலன்று, கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள், முத்துத் தோடு வேறு. சாவடியில் மேசைக்காரப் பெண் "முதல் ஓட்டாங்க? வாழ்த்துகள்!" என்று எழுந்தே நின்றாள். என்னைப் பார்த்து "அடுத்தவர்" என்றாள். நான் உள்ளே போய் கில்சு பேருக்கு நேரே முத்திரையைக் குத்திவிட்டு, பெட்டியில் போட வேண்டிய சீட்டோடு வந்துவிட்டேன், பக்கத்து மறைப்புக்குள் போன உங்கள் தங்கை வரவில்லை. ஒரு வட்டம் குத்த இவ்வளவு நேரமா? உள்ளே அந்தப் பயல் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களா? மனசு கேட்கவில்லை மச்சான், மறைப்புப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தேன், கொஞ்சம்தான், கையில் என் சீட்டு விரித்தபடி இருந்ததை மறந்தே போனேன். "ஐயா! சீட்டை மடிங்க!" என்று அதிகாரி அலறினார். அதற்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டது. வெளியே தெரிந்த சீட்டு செல்லாதாம். அதே நேரம் உங்கள் தங்கை தன் சீட்டை அழகாக மடித்துக்கொண்டு வெளியே வந்து, என்னையும் அதிகாரியையும் பார்த்துவிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு நடந்தாள். இந்த மண்ணில் பிறந்தவன் ஓட்டு குப்பைக்கு, அவள் ஓட்டு பெட்டிக்கு.

மறுநாள் காலையில் கில்சு அழுதுகொண்டே மில்லுக்கு வந்தான். "ஒரே ஒரு ஓட்டுல தோத்துட்டேன்டா! சமமா வந்திருந்தாக்கூட வயசுல மூத்தவனுக்குத்தான்னு சட்டம். நான் ஜெயிச்சிருப்பேன்டா!" சொல்லிவிட்டு உங்கள் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். என் சீட்டு செல்லாமல் போனதை மறைத்து, நான் எள் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். அவள் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்து, குனிந்து, "மன்னிச்சிடுங்க கில்சு அண்ணே, என்னாலதான்" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். என் மானம் தப்பியது, ஆனா வயிறு எரியுது மச்சான். அப்போ அவ அந்தப் பல்லனுக்குத்தானே போட்டிருக்கா! அவளே ஒத்துக்கிட்டாளே! அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு? பல்லா? நானும் கட்டிக்கலாமே! நீங்க அண்ணன், நீங்க கேட்டா சொல்லுவா. கோபிக்காம, நாசூக்கா கேளுங்க. இதை உங்கள் மொழியில் மாற்றித்தரச் சொல்லி, வெளிநாட்டவர் உதவி மையத்து தொமொகோ அம்மாவிடம் கொடுக்கிறேன். வாய் திறக்காத மனுஷி, விஷயம் வெளியே போகாது.

உங்கள் கத்தரியின் கூர் மங்காதிருக்கட்டும், உங்கள் துணைவியார் நல்ல உறக்கம் பெறட்டும், பிள்ளைகள் பெரிய இடத்துக்குப் போகட்டும்.

தங்கள் அன்பும் வேதனையும் நிறைந்த,
நம்குங் ஹோ

பின்குறிப்பு: அண்ணா, இக்குயோ எழுதறேன். தொமொகோ இதை நேரா என்கிட்ட கொண்டுவந்து கொடுத்துட்டா. ஒரு வரி விடாம நானே நம்ம மொழியில மாத்தியிருக்கேன், பியானோ உட்பட. நான் போட்டது கில்சு அண்ணனுக்குத்தான். அந்தப் பியோ தம்பி தினமும் காலையில பயபக்தியா குனிஞ்சு சொன்னது "நல்லாத் தூங்குங்க"ன்னு. சிரிக்காம என்ன பண்றது? உள்ள நேரமானது, சீட்டுல இருந்த பேருங்களைத் திரும்பத் திரும்பப் படிச்சதால. இந்த ஊர் என்கிட்ட "உனக்கு என்ன தோணுது"ன்னு கேட்டது அதுதான் முதல் தடவை. இவர் ஓட்டு செல்லாமப் போன பழியை நான் ஏத்துக்கிட்டேன், இவருக்கு இருக்கறது அந்த ஒரே சிநேகிதன்தானே. இவர்கிட்ட எதையும் சொல்லிடாதீங்க. பொறாமை வந்த நாள்லேருந்து மனுஷன் தினமும் சவரம் பண்றார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவறார், நேத்து சந்தையில என் பையை வாங்கித் தூக்கிட்டு வந்தார். பதில் எழுதும்போது, "விசாரிச்சேன், பியோ நல்ல பையனாத்தான் தெரியுது"ன்னு ஒரு வரி சேர்த்துடுங்க.