காய்க்காத தக்காளிக்கு நான் குழைத்த மண்

1986ஆம் ஆண்டு அக்டோபர் 25, சனிக்கிழமை, காலை 9 மணி 20 நிமிடம். மழை விட்டு ஏழு நிமிடமாகியிருந்தது. தென்மேற்கிலிருந்து காற்று, அடுத்த மழை வானத்தில் தயாராக நின்றது. (நியூசிலாந்தின் ஒக்லாந்தில் மழை விடுவது மூச்சு வாங்குவதற்கு மட்டும்தான்.) அந்த நிமிடத்தில்தான், மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில், கையில் மண்வெட்டியோடு, நான் ஒரு குற்றத்துக்கு உடந்தையானேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பட்டயக் கணக்காளன். மூன்று மொழிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவன். மூன்றிலும் மடையன் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் உறுதியானது.

மண் குழைப்பதில் நான் இறங்கியது வீம்பினால். ஒடாஹுஹுவில் ஒரு பீஜி இந்தியக் கடைக்காரர் தந்த கறிவேப்பிலைக் கன்று எங்கள் வீட்டுக்கு வந்த முப்பத்தாறாம் நாள் செத்தது. இரண்டாவது கன்று ஐம்பத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாவதைப் பற்றிக் கதைக்காமல் விடுவது நல்லது. இந்த வளவின் களிமண்ணில் வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று கண்டுபிடித்து, வாளிக்கென்று தனியாக ஒரு கலவை தயாரித்தேன். நான்காவது கன்று பிழைத்தது. அன்றிலிருந்து நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நினைக்கத் தொடங்கினேன். வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

கலவை இதுதான். அளவை, வெறும் பால்மாத் தகரப் பேணி. உக்கிய இலைதழை ஏழு பேணி, சலித்த மண் நான்கு, நுரைக்கல் மணல் மூன்று, பழைய ஆட்டெரு இரண்டு, மூன்று தண்ணீரில் கழுவிய கடற்பாசி ஒன்று, இடித்த முட்டைக்கோது அரை. வாளியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சிவப்பு எரிமலைக்கல். இரசாயன உரம் ஒரு கிள்ளுக்கூடக் கிடையாது. ஆட்டெரு தெற்கே ஒரு பண்ணை வாசலில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும், பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி, ஆள் இல்லை. (முதல்நாள் நான் காசைப் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பத்து நிமிடம் காத்து நின்றேன். நேர்மைக்குச் சாட்சி வேண்டாமா?) இந்த நாட்டில் எல்லோரும் போடும் இரத்த எலும்புத் தூளை என் மனைவி பரமேசு வளவுக்குள் விடவில்லை. சைவ வீடு. கறிவேப்பிலையும் சைவமாகவே வளர்ந்தது.

பதம் பார்ப்பதும் அவள்தான். பிட்டுக்கு மாக் குழைப்பது போலத் தண்ணீர் தெளித்துக் குழைக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பரமேசு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பிட்டுப் பதம் இல்லை, களிப் பதம். இன்னும் ஒரு பேணி மணல் போடுங்கோ" என்பாள். நான் போடுவேன்.

அந்த அக்டோபர் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் கெவின். வயது இருபத்தாறு. முதுகில் பாதிவரை தலைமயிர், பாதி ஓடும் ஒரு மோட்டார் சைக்கிள், வேலை என்று ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை. லேபர் வீக்கெண்டில், அதாவது தொழிலாளர் தின விடுமுறையில், ஊர் முழுக்கத் தக்காளி நடுவது இங்கே வழக்கம். தானும் பின்கொட்டிலில் பன்னிரண்டு வாளியில் நடப்போவதாகவும், ஆனால் தன்னுடையது கொஞ்சம் விசேஷமான தக்காளி என்றும், நல்ல மண் தேவை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடித் திறந்தான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் எங்கள் நிரந்தர வதிவிட விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. மறுத்தால், நானும் பரமேசும் எட்டு வயது மகளும் திரும்பிப் போகவேண்டிய நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அயலவர் ஒருவரின் நன்னடத்தைக் கடிதத்தைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று ஈஸ்ட் டாமாக்கியில் என்னோடு வேலை செய்த ஒருவர் சொல்லியிருந்தார். எனக்குப் பேச்சுப் பழக்கமிருந்த ஒரே அயலவன் கெவின். ஆகவே நான் பன்னிரண்டு வாளிக்கு மண் குழைத்துக் கொடுப்பது, அவன் எனக்கு ஒரு கடிதம் கொடுப்பது என்று ஒப்பந்தமானது. அவன் எழுதவில்லை, நானே எழுதினேன். "மிஸ்டர் நாதன் சட்டத்தை மதிக்கும், உதவும் மனப்பான்மை கொண்ட மனிதர்" என்பது என் வசனம். கெவின் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். இரண்டு பிரதிகள்.

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. 210 பேணி. (வாளிக்குப் பதினேழரை. கூட்டிப் பார்க்கலாம்.) குழைத்து, நனைத்த சாக்கால் மூடி, பத்து நாள் ஆறவிட்டு, வாளிகளில் நிரப்பினேன். ஒவ்வொரு வாளியிலும் ஒரு அட்டை: கலவை இலக்கம், குழைத்த திகதி, என் பெயர், தொலைபேசி இலக்கம்.

கெவின் அட்டைகளைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தான். பிறகு, உங்கள் ஊர்ப்பக்கத்தில் இதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்தானே என்று கேட்டான். என் பெரியப்பா இரண்டாயிரம் புகையிலைக் கன்று வைத்திருந்தார் என்றேன். "புகையிலை," என்று அவன் மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் அந்தக் கண்ணை மூடித் திறந்தான். அந்தக் கண்ணை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு அளவு நாடாவும் கொப்பியுமாக அவன் கொட்டிலுக்குப் போனேன். வரத் தேவையில்லை என்று அவன் இரண்டு முறை சொன்னான். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். கன்றுகள் என் மண்ணில் எழும்பிய எழும்பலை எழுத்தில் சொல்ல முடியாது, இலக்கத்தில் சொல்லலாம். ஜனவரி நடுவில் ஏழாம் வாளியின் உயரம் நான்கு அடி இரண்டு அங்குலம். ஆனால் "காய்" என்ற பத்தியில் பதினொரு வாரமும் பூச்சியம்.

ஒருநாள் பரமேசுவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது தக்காளியே? இலை விரல் விரலாப் பிரிஞ்சு நிக்குது."

"உமக்கு யாழ்ப்பாணத்துத் தக்காளிதான் தெரியும். இது நியூசிலாந்துத் தக்காளி."

"அப்ப இந்த மணம்?"

"அது நியூசிலாந்து மணம்."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்தாள்.

கஞ்சா என்ற பொருளை நான் அறியாதவன் அல்ல. கோயில் வீதியில் சாமியார்கள் ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது காய்ந்த சருகு. அது ஒரு காலத்தில் பச்சையாக, வாளியில், நான் குழைத்த மண்ணில் நின்றிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுருட்டைப் பார்த்துப் புகையிலைத் தோட்டத்தை எவன் ஊகிப்பான்?

காய்க்காத தக்காளி என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் விட்டிருப்பான். ஆனால் நான் கொழும்பில் பதினாறு வருடம் அரசாங்கக் கணக்காளனாக வேலை பார்த்தவன். எங்களுக்கு ஒன்று விளங்காவிட்டால் உரிய திணைக்களத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்போம். ஜனவரி 17ஆம் திகதி விவசாயத் திணைக்களத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஒன்பது பந்தி, இலக்கமிட்டு. என் கலவையின் முழு விபரம், பன்னிரண்டு செடிகளின் வாராந்த உயரம், அவை காய்க்காத மர்மம். ஒற்றுத்தாளில் வைத்து அழுத்திய இரண்டு இலைகளை இணைத்தேன். முழுப்பெயர், விலாசம், தொலைபேசி, வீட்டில் இருக்கும் நேரம். கீழே, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்."

முப்பத்துமூன்றாம் நாள், பெப்ரவரி 19, வியாழக்கிழமை, காலை 7 மணி 10 நிமிடத்துக்குக் கதவு தட்டப்பட்டது. கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர். மூத்தவர் ஒரு அட்டையை நீட்டினார். என் கண்ணாடி கட்டிலருகில் இருந்தது. உங்கள் கடிதம் சம்பந்தமாக வந்திருக்கிறோம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் கடிதத்துக்குப் பதில் வரவே மூன்று நினைவூட்டல் போடவேண்டும். இங்கே ஆளையே அனுப்புகிறார்கள், அதுவும் இருவரை. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார்கள்.

செடிகள் எங்கே என்று கேட்டார்கள். நானே கூட்டிப்போனேன். வேலியில் போய்வர நான் ஒரு பலகையைக் கழற்றிவைத்த இடைவெளி வழியாக, "தலை கவனம்" என்று எச்சரித்து அழைத்துப்போனேன். கொட்டில் கதவை நானே திறந்தேன். பிறகு பதினைந்து நிமிடம் விரிவுரை. இளையவர் எல்லாவற்றையும் எழுதினார். மூத்தவரின் கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, பிடிக்கச் சொல்லி, தட்டச் சொன்னேன். அவர் பிடித்தார். தட்டினார். உதிர்ந்தது.

"பாருங்கள், இதுதான் பதம்," என்றேன். "மண்ணில் ஒரு குற்றமும் இல்லை."

"மண்ணில் இல்லை," என்றார் அவர்.

அப்போது கெவின் குளித்துவிட்டுத் துவாயோடு வந்து நின்றான். அவர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்பது போல, "மிஸ்டர் நாதன், ஏன்?" என்று மட்டும் கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தக்காளி, மணம், கண், கழுத்துப்பட்டி, எல்லாம் ஒரே நேரத்தில். என் பெயர் எழுதிய பன்னிரண்டு அட்டைகளையும் பார்த்தேன். என் கையெழுத்து எப்போதும் அழகானது. தூரத்திலிருந்தும் வாசிக்கலாம்.

என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறை என் நினைவுக்கு வரவில்லை. குடிவரவு அலுவலகத்தில் கிடந்த அந்தக் கோப்புத்தான் நினைவில் நின்றது. அதற்குள் என் ஒழுக்கத்துக்கு ஒரே சாட்சியாக இருந்தது கெவினின் கையெழுத்து. ஒரு வரி பொலிஸ் குறிப்பு விழுந்தால் மகளின் பள்ளிக்கூடப் பையோடு விமானமேற வேண்டும்.

நான் கெட்டிக்காரன் என்று இந்த நாட்டுக்கு நிரூபிக்க எழுபத்துமூன்று வேலை விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை, பட்டயக் கணக்காளனை ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ண வைத்தார்கள். அன்று நான் மடையன் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. பதினொரு நிமிடம் போதுமாக இருந்தது. என் கடிதமே முதல் சாட்சி. காய்ப் பத்தியில் வாராவாரம் பூச்சியம் போட்ட கொப்பி இரண்டாவது. அடுத்த அறையில் இருந்த கெவின், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, மண் பைத்தியம், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தான். நான் காட்டிக்கொடுத்த பிள்ளை சொன்னது அது. நாலாவதாகப் பரமேசுவை அழைத்தார்கள். அவள் ஆங்கிலத்தில் கதைப்பது குறைவு, அன்று குறைக்கவில்லை. இது தக்காளி இல்லை என்று தான் சொன்னதாகவும், இது நியூசிலாந்துத் தக்காளி என்று நான் சொன்னதாகவும், கலியாணம் முடித்த பன்னிரண்டு வருடமும் இதே கதைதான் என்றும் வாக்குமூலம் கொடுத்தாள். மூத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் கலியாணம் செய்தவர் போலிருந்தது.

என்மேல் வழக்கு இல்லை என்றார். போகும்போது, இருபது வருடச் சேவையில் இவ்வளவு செழிப்பான செடிகளைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். இந்த நாட்டில் என் திறமைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அந்தத் துணிவில், மண்ணை மட்டும் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். பரமேசு என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

கெவினுக்கு அபராதம் விதித்தார்கள். மேற்குப் பக்கம் எங்கோ வீடு மாறினான். போகிற அன்று விடிய நான் ஒரு வாளி மண் குழைத்து அவன் வாசலில் வைத்தேன், அட்டை இல்லாமல். எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

கெவினின் நன்னடத்தைக் கடிதத்துக்குப் பதிலாக அந்த மூத்தவரே குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இருந்த ஒரு வசனம்: "இவர் உண்மையாகவே எதையும் அறிந்திருக்கவில்லை என்று நான் திருப்தியடைகிறேன்." பதினொரு வாரத்தில் வதிவிடம் கிடைத்தது. வேறு பலர் இந்த நாட்டுக்குள் தங்கள் தகைமையால் வந்தார்கள். நான் அறியாமைக்கு அரச முத்திரை வாங்கி வந்தேன்.

கடிதத்தின் பிரதி இன்றும் பரமேசுவின் அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்கிறது. எனக்கு இப்போது எண்பது. மருமகனுக்கு நெடுஞ்சாலையில் வழி சொல்ல வாயெடுத்தாலும், பேரப்பிள்ளையின் கணக்கில் பிழை பிடித்தாலும், "அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரட்டே?" என்று அவள் அடுத்த அறையிலிருந்து கேட்பாள். தமிழே சரியாக வராத என் மகளும் அந்த ஒரு வசனத்தை மட்டும் யாழ்ப்பாணத்து இழுவையோடு பிசகாமல் சொல்வாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டெரு, நுரைக்கல் மணல், எரிமலைக்கல், பன்னிரண்டு வாளி, அரைநாள் சம்பளம், போகத் தேவையில்லாமல் போய்ப் பார்த்த ஒரு வழக்கறிஞர், திணைக்களத்துக்கு ஒட்டிய முத்திரை, எல்லாம் சேர்த்து: 318 டொலர் 45 சதம்.