ஜவான் தண்ணீர் குடித்தது

சைதூனின் விலை ஐந்நூறு ரூபாய். அந்த விலையைப் போட்டவர் ஷஃபியுல்லாவின் அத்தா.

செங்கல்பட்டு பஜாரில் சாக்குக்கடை வைத்திருந்த அவர், மகனுக்குப் பெண் பார்க்கக் கடப்பாக்கம் போனபோது வரதட்சணைக் கைக்கூலி இரண்டாயிரம் கேட்டார். பெண் வீட்டார் ஆயிரத்தைந்நூறு என்றார்கள். அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்து நடந்தால் நாலாவது அடியில் கூப்பிட்டு விடுவார்கள் என்பது பஜாரில் அவர் கற்ற பாடம். திரும்பிப் பார்க்க மட்டும் கூடாது. பார்த்தால் விலை போச்சு. செருப்பை மெதுவாக மாட்டினார். மெதுவாக நடந்தார். தெருமுனையில் நின்று ஒரு வெற்றிலைகூடப் போட்டார். பின்னால் போன ஷஃபியுல்லாவுக்குக் காது இரண்டும் முதுகில் முளைத்திருந்தன.

ஒருவரும் கூப்பிடவில்லை. அது 1961.

பதினாலு வருஷம் கழித்து, அதே வாசலில், ஷஃபியுல்லாவை நாய் கடித்தது.

இதற்குள் இரண்டு அத்தாமாரும் மவுத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார்கள். சைதூன் கல்யாணம் கட்டிக்கொள்ளாமல், வீட்டை ஒட்டிய மணலில் கருவாட்டுக் களம் நடத்திக்கொண்டிருந்தாள். ஷஃபியுல்லாவும் கட்டிக்கொள்ளவில்லை. அவள் களத்துக்குச் சாக்கு அவன் கடையிலிருந்துதான் போகும், கடை ஆள் வழியாக. அன்றைக்கு ஆளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவனே வந்தான். ஆள் கடையில் நன்றாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

சைதூனைப் பார்த்த பதற்றத்தில், சாக்குக் கட்டைக் காய்ந்துகொண்டிருந்த நெத்திலி மேலேயே போட்டான். களத்துக்குக் காவல் நின்ற ஜவான் என்னும் செவலை நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

"ஐயோ, நில்லுங்க! சோப்பு எடுத்துகினு வரேன், மொதல்ல கழுவணும்!" என்று சைதூன் உள்ளே ஓடினாள்.

பதினாலு வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அதை அப்படியே பத்திரமாக எடுத்துக்கொண்டு, வெட்கத்தில் அவன் பஸ்ஸுக்கு ஓடினான்.

வீட்டில் அம்மா ஜெய்புன்னிசா தயாராக ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். "மொளகாத்தூளும் சுண்ணாம்பும் வெச்சிக் கட்டுனா வெசம் எரிஞ்சி பூடும்டா."

விஷம் எரிந்ததோ இல்லையோ, ஷஃபியுல்லா விடிய விடிய எரிந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த டாக்டர் மூக்கைப் பொத்தினார். "இது காலா, மீன் குழம்பாய்யா?" பத்து நிமிஷம் சோப்பும் தண்ணீருமாக அவரே கழுவினார். "நாய் கடிச்சா உடனே இதைத்தான் செய்யணும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் ஆகாது. வெறிநோய் வந்துட்டா அப்புறம் உலகத்துல மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் ஊசி. தொப்புளைச் சுத்தி, தினம் ஒண்ணு, பதினாலு நாள்."

"பதினாலா? பார்த்து சொல்லுங்க சார். ஒரு ஏழு?"

"பேரம் பேசுறியா? நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேளு. போட்டிருந்தா சீட்டைக் கொண்டா, உனக்கு ஊசி வேணாம்னுகூட சொல்லலாம். இல்லன்னா இன்னிக்கே ஆரம்பம். எப்படியும் பத்து நாள் நாயைப் பார்த்துட்டே இருக்கணும். தண்ணி குடிக்குதா, சோறு தின்னுதான்னு. பத்து நாள் கழிச்சும் நல்லா இருந்துச்சுன்னா, ஊசியை அதோட நிறுத்திடலாம்."

"யாரு சார் பார்க்கிறது?"

"யாராவது. நீயே போய்ப் பாரேன்."

ஷஃபியுல்லா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். அவ்வளவு சந்தோஷமாக வயிற்றைக் காட்டிய நோயாளியை அந்த டாக்டர் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே கடப்பாக்கத்தில் போய் நின்றான்.

"டாக்டரு கேட்டாரு. ஜவானுக்கு ஊசி போட்டுக்கீதா? சீட்டு எதுனா கீதா?"

சைதூன் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "நாய்க்குப் போயி யாருங்க ஊசி போடுவாங்க?"

பக்கத்தில் குந்தியிருந்த களத்து வேலைக்காரி வேண்டாவுக்கு ஏனோ இருமல் வந்தது.

"அப்போ பத்து நாளு நா தெனம் வந்து பார்க்கணுமாம்."

"டாக்டரு சொன்னா கேட்டுக்கத்தான வோணும்," என்றாள் சைதூன்.

அன்றிலிருந்து காலையில் ஊசி. பிறகு மதுராந்தகத்தில் வண்டி மாறி, செய்யூர் தாண்டிக் கடற்கரை வரைக்கும் பஸ். அவனைக் கண்டதும் சைதூன் அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். ஜவான் நக்கிக் குடிக்கும். இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்க வேறு எவ்வளவோ இருந்தது. தட்டைப் பார்ப்பதுதான் டாக்டர் உத்தரவு.

"குட்ச்சிடுச்சி," என்பாள் சைதூன். "நாளைக்கு வாங்க."

அந்த ஒரு சொல்லுக்காக அவன் வயிற்றை விற்றுக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் வயிறு வீங்கிக் கைலி இடுப்பில் நிற்கவில்லை. ஏழாம் நாள் ஊசி குத்த இடம் தேடி டாக்டரே களைத்துப்போனார். வீட்டில் அம்மா பத்தியம் என்று மீனை நிறுத்திவிட்டாள். களத்தில் நெத்திலியும் வாளைமீனும் மணக்க மணக்க, அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஒரு நாயின் தாகத்தைக் காவல் காத்தான்.

"இன்னா பாய், நாய் மெலிஞ்சிடுச்சா, நீ மெலிஞ்சிட்டியா?" என்று வேண்டா கேட்பாள்.

"ஒன் வேலையப் பாருடி," என்பாள் சைதூன். ஆனால் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வாள்.

ஒவ்வொரு நாளும் போகும்போது அவன் மெதுவாகச் செருப்பை மாட்டினான். மெதுவாக நடந்தான். தெருமுனையில் கொஞ்சம் நின்றான். முதுகில் காதுகள் முளைத்தன. பின்னால் அலைச் சத்தம் மட்டும் வந்தது.

பத்தாம் நாளும் ஜவான் தட்டைக் காலி செய்துவிட்டு வாலை ஆட்டியது. இப்படி ஓர் ஆரோக்கியமான துரோகியை ஷஃபியுல்லா கண்டதில்லை.

"பத்து நாளு ஆயிடுச்சிங்க," என்றாள் சைதூன். அன்று "நாளைக்கு வாங்க" இல்லை.

"டாக்டரு இன்னும் நாலு நாளு பார்க்கச் சொல்லிட்டாருங்க," என்றான் அவன். வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை டாக்டர் கேட்டார்: "நாய் நல்லா இருக்கா? அப்போ நிறுத்திடலாமா?"

ஊசி நின்றால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் தட்டு நிற்கும்.

"நாயி... காணோம் சார்."

"காணோமா!" டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வெறி பிடிச்சி ஓடியிருந்தா ஊரையே கடிக்குமேய்யா! சட்டையைத் தூக்கு, உனக்குப் பதினாலும் உண்டு." குத்திவிட்டு, அந்தப் பக்கத்துச் சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு அவசரமாக ஒரு சீட்டு எழுதினார். ஷஃபியுல்லா அதைத் தடுக்க வாயைத் திறந்தான். என்ன சொல்லித் தடுப்பது? மூடிக்கொண்டான்.

பதிமூன்றாம் ஊசியை வாங்கிக்கொண்டு அவன் கடப்பாக்கம் போய் இறங்கியபோது, களத்தில் இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன் நின்றிருந்தார். கூட, சுருக்குக் கம்பியோடு இரண்டு பேர். ஜவான் சைதூனின் பின்னால் பதுங்கியிருந்தது.

"காணாமப் போன வெறி நாயின்னு ரிப்போர்ட்டு," என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க வந்தா வூட்டு மாப்பிள்ள மாதிரி குந்திகினு கீது. எவன்யா காணோம்னு சொன்னது?"

சைதூன் ஷஃபியுல்லாவைப் பார்த்தாள். இந்தத் தடவை தட்டைப் பார்க்கவில்லை.

"நாந்தான்," என்றான் அவன். "பத்து நாளு முடிஞ்சிபோச்சி. ஊசிய நிறுத்திட்டா, அப்பால இன்னா சொல்லிகினு நா இங்க வர்றது?"

களத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"அத்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஊசி போடாத நாயி, கட்ச்ச நாயி. புடிங்கடா!"

கம்பி நீண்டது. ஷஃபியுல்லா வீங்கிய வயிற்றோடு குறுக்கே விழுந்தான். "சார், என்னிய வோணா கட்டி இட்டுகினு போங்க, அத்த விட்டுடுங்க!"

சைதூன் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மதுராந்தகம் மாட்டாஸ்பத்திரி சீலு. வெறிநாய் தடுப்பூசி... மூணு வருஷமா தவறாம போட்டுக்கீது." காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "மூணு வருஷம் முன்னாடி இந்தக் குப்பத்துல ஒரு கொழந்த வெறிநாய் கட்ச்சி செத்துச்சி. அதுக்கு அப்பாலயும் நாய்க்கு ஊசி போட்டது நீ ஒருத்திதாம்மா." பிறகு ஷஃபியுல்லாவிடம் திரும்பினார். "கம்பி போட வேண்டியது ஒனக்குத்தான்யா."

அவர்கள் போய்விட்டார்கள். சைதூனும் உள்ளே போய்விட்டாள்.

ஷஃபியுல்லா நிமிரவில்லை. பொய் அம்பலமாகிவிட்டது, அந்தப் பொய்யால் அவளுடைய நாயின் உயிரே போகத் தெரிந்தது. இனி எந்த முகத்தோடு இந்த வாசலுக்கு வருவது? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். இந்த முறை வேகமாக நடந்தான். அத்தா வெற்றிலை போட்ட தெருமுனையில் நிற்காமல் தாண்டினான். முதுகில் காது எதுவும் முளைக்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. மூச்சிரைக்க ஓடிவந்தாள் வேண்டா.

"பாய், நில்லு! அக்கா சொல்லச் சொல்லிச்சு: 'அன்னிக்குத் திரும்பிப் பார்ப்பாருன்னு பதினாலு வருஷமா வாசல்ல நின்னுகினு கீறேன், வருஷத்துக்கு ஒரு ஊசி குத்திக்கட்டும்னுதான் மொத நாளே சீட்டப் பொட்டில வெச்சிப் பூட்டிட்டேன்.' பதிமூணு ஆயிடுச்சாம், பாக்கி ஒண்ணு கீதாம், நாளைக்கு அத்தயும் போட்டுகினு, பொண்ணு கேக்க அம்மாவ இட்டுகினு வருவியாம்!"