சகாதேவனுக்கு வந்த மறதி

"நீ யாரும்மா?" என்று சகாதேவன் கேட்டதும், குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்சவள்ளியின் கை நின்றது.

அவனுக்கு வேறு வழி இல்லை. கல்யாண நாளை மறந்து சீட்டாடப் போனதற்காக மனைவி ஆறு நாளாக அவனோடு பேசவில்லை. போன வருஷம் கடல் ஊருக்குள் வந்து அவள் தம்பியைக் கொண்டுபோனதிலிருந்தே அவள் சிரிப்பதில்லை. பேச்சும் நின்றுவிட்டால் வீட்டில் என்னதான் மிச்சம்?

வழி காட்டியது மார்ட்டினின் சி.டி. கடையில் ஓடிய ஒரு சிரிப்புப் படம். அதில் கதாநாயகன் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்ததுபோல் நடிக்கிறான். கோபமாயிருந்த மனைவி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். 'வாழ்க்கைக்கு வேண்டிய பாடம்!' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தான் சகாதேவன்.

அம்சவள்ளி கட்டிக்கொள்ளவில்லை. அவனை உற்றுப் பார்த்துவிட்டு, மீண்டும் குழம்பைக் கிண்டினாள்.

மறுநாள் காலை பேசினாள். "ஐயோ பாவம், இதுவுமா மறந்துட்டீங்க? தினமும் பாத்திரம் நீங்கதானே தேய்ப்பீங்க!"

பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு டம்ளரைக் கழுவியதில்லை. ஆனால் எல்லாம் மறந்தவன் எப்படி மறுப்பான்? தேய்த்தான்.

அதற்கடுத்த நாள் உப்பளத்தில், "நான் உப்பு வாரும்போது குடை பிடிப்பீங்களே!" என்றாள். வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே, கறுப்புக் குடையோடு அவள் பின்னாலேயே நடந்தான்.

"ஏம்பா சகாதேவா, அம்மன் புறப்பாடா?" என்று கத்தினான் கூட வேலை செய்யும் மாயவன்.

"நீங்க யாருங்க?" என்றான் சகாதேவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அடப்பாவி, என்னையுமா மறந்துட்டே? அப்ப எங்கிட்ட வாங்கின சைக்கிளு? சரி, நானே எடுத்துக்கிறேன்."

தன் சொந்த சைக்கிள் மணியடித்துக்கொண்டு போவதைச் சகாதேவன் குடையோடு பார்த்து நின்றான்.

அன்றைக்கு வீடு வந்ததும் கத்தினான். "வள்ளி! எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு!"

"நெசமாவா?" அவள் கன்னத்தில் கை வைத்தாள். "அப்ப, எங்கம்மாவுக்கு ஒடம்பு தேறினா மீசையை எடுக்கிறேன்னு இரும்பை ஊரு சிவன் கோயில்ல வேண்டிக்கிட்டீங்களே, அதுவும் ஞாபகம் இருக்குதா?"

இல்லை என்றால் மறுபடியும் குடை.

"இருக்குது" என்றான், மீசையைக் கடைசியாக ஒருமுறை தடவி.

மறுநாள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு முடிவெட்டும் கடையிலிருந்து வெளியே வந்தவனை மார்ட்டின் கூப்பிட்டான்.

"அண்ணே, அன்னிக்கு முதல் சி.டி. முடிஞ்சதுமே எழுந்து போயிட்டீங்களே! ரெண்டாவதுலதான் புருஷன் நடிக்கிறான்னு பொண்டாட்டி கண்டுபிடிச்சு, இதை மறந்தே, அதை மறந்தேன்னு சொல்லிச் சொல்லி வேலை வாங்குறா. நீங்க என்ன படம் பாத்தீங்கன்னு கேட்டுக்கிட்டு அக்கா வந்தாங்க. தினமும் சாயங்காலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா போடச் சொல்லிப் பாக்குறாங்க. விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

துண்டு நழுவியதைச் சகாதேவன் கவனிக்கவில்லை. "சிரிக்கிறாளா?"

"கடையே அதிருதுண்ணே. இன்னிக்கு மட்டும் சீக்கிரம் வரச் சொல்லுங்க. புருஷனுக்குப் புடவை கட்டிவிட்டு கடைத்தெருவுக்கு அனுப்புற சீன் பாக்கியிருக்குது."