மழை.2 என்ற கோப்பும் மாசிலாமணிக் கரடியும்

ஒரு காட்டில், ஆயத்தமாகக் கிடைக்கும் எதையும் தொடாத கரடி ஒன்று இருந்தது. பெயர் மாசிலாமணி. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், ஊரார் போலப் பட்டனைத் தட்டி நிறுவிக்கொள்ளாது. அதன் மூல நிரலான 'சோர்ஸ் கோடை' இறக்கி, தன் கையால் கம்பைல் செய்து ஓடும் வடிவுக்குக் கொண்டுவந்தால்தான் அதற்குச் சோறு இறங்கும்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய், கம்ப்யூட்டரில் ஓடும் காட்டின் வெள்ள எச்சரிக்கை சைரனைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். மலையிலோ மழை பிடித்துவிட்டது. ஆற்றங்கரைப் பள்ளத்தில் வளை வைத்திருந்த முயல் செங்கமலம் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகளைச் சும்மா வெளியே தூக்கினால் பருந்து கொத்திவிடும். தூக்காவிட்டால் ஆறு கொண்டுபோய்விடும். சைரன் அலறினால் பருந்துகளும் பறந்தோடும். அந்தச் சந்தில் மேட்டுக்குப் போய்விடலாம் என்று கரடியின் குகை வாசலிலேயே தவம் கிடந்தது.

"அண்ணே, ஆச்சா?"

"கம்பைல் ஆயிடுச்சும்மா. ஒரு பிழை இல்ல!" என்று கரடி மார்தட்டிக்கொண்டு சைரனை ஓட்டியது.

'மழை.2 என்ற துணைக் கோப்பு (லைப்ரரி) கிடைக்கவில்லை' என்றது திரை.

செங்கமலம் எட்டிப் பார்த்தது. "அதோ இருக்கே அண்ணே, மழை.2.7!"

"இருக்கு. ஆனா சைரன் தேடுற பேர்ல இல்ல. மழை.2னு ஒரு சிம்லிங்க் போடணும். அது கைகாட்டி மாதிரி. 'அந்தக் கோப்பு இங்க இருக்கு'ன்னு வழி காட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் அவசரத்தில் கரடி மழை.2 என்ற கைகாட்டியை மழை.2 பக்கமே திருப்பி நட்டுவிட்டது. சைரன் அங்கே போய்க் கேட்டது. 'மழை.2-இடம் போ' என்றது கைகாட்டி. போனால் அங்கேயும் அதே கைகாட்டி. தலைசுற்றி விழுந்தது சைரன்.

கரடி மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்தது. தப்பு எங்கே என்று தெரியாத எல்லோரும் செய்வது அதுதானே. அதுவும் பலிக்காமல், காட்டு இணைய மன்றத்தில் கேள்வி போட்டது.

நரி உடனே பதில் எழுதியது: "இதை ஏற்கெனவே கேட்டாச்சு. இங்கே பார்க்கவும்."

அங்கே போனால் ஓணான் எழுதியிருந்தது: "என் மரத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது. மேலும் விவரத்துக்கு இங்கே பார்க்கவும்." அதையும் திறந்தால், சற்றுமுன் கரடி போட்ட அதே கேள்வி!

"அண்ணே, தண்ணி பள்ளத்துக்கிட்ட வந்துடுச்சு! என் புள்ளைங்கண்ணே!" என்று அழுதது முயல்.

கரடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கீபோர்டைத் தூக்கிப் பாறையில் அடித்து, அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் விட்டது பாருங்கள், காடே அதிர்ந்தது. யானைகள் மேட்டுக்கு ஓடின. மான்கள் ஓடின. பருந்துகள் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் பறந்தன. செங்கமலம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பாறைமேல் சேர்த்த பிறகுதான் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. குட்டிகளை நக்கிக் கொடுத்தபடி அது ஓவென்று அழுதது, சந்தோஷத்தில்.

வெள்ளம் வடிந்ததும் கரடி நிதானமாகப் பார்த்து, கைகாட்டியை மழை.2.7 பக்கம் திருப்பியது. சைரன் ஒழுங்காக ஓடி, "கீங்" என்றது. பக்கத்தில் தூங்கிய ஆமைகூடப் புரளவில்லை.

"எப்படி?" என்று கரடி பெருமையாகத் திரும்பியது.

செங்கமலம் குட்டிகளைப் பார்த்தது. கரடியின் தொண்டையைப் பார்த்தது. "பிரமாதம்ணே," என்றது.

அடுத்த மழைக்கு ஆறு சிவந்து வந்தபோது, கரடி தேன் குடிக்கப் போன சமயம் பார்த்துச் செங்கமலம் குகைக்குள் நுழைந்து, அந்த சிம்லிங்கை அழித்தது. பிறகு கரடி திரும்பியதும் வாசலில் நின்று கூப்பிட்டது:

"அண்ணே, சைரன் ஓடலியே! கொஞ்சம் என்னான்னு பாருங்களேன்!"

நீதி: பிழையைத் திருத்திவிடாதீர்கள், அதைத் திருத்த ஒரு கரடியை நியமியுங்கள்.